எருமைக்கு ஒரு நியாயம்

பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பாகப் போட்ட பையனை வாத்தியார் எந்தப் பிராணியின் பெயரைச் சொல்லி அழைப்பார் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்காதவன் எருமை. மழை வந்தாலும் அசையாமல் நிற்கிறவன் எருமை. புராணத்திலும் அதற்குக் கிடைத்த உத்தியோகம் யமனைச் சுமப்பதுதான். பசுவைக் கண்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். எருமையைக் கண்டால் ஒதுங்கிப் போகிறோம். அப்படி ஒதுங்கிப் போய் வீட்டுக்குள் நுழைந்ததும், "காப்பி என்ன இப்படித் தண்ணீராக இருக்கிறது? எருமைப் பால் கிடைக்கவில்லையா?" என்று கேட்கிறோம்.

நம்முடைய வாத்தியார்கள் மட்டும்தான் எருமையை இப்படி மட்டமாக நினைத்தார்கள் என்று வெகு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். மேல்நாட்டுப் பால் நிபுணர்களும் ஒரு காலத்தில் அதே கட்சியில் இருந்தார்கள் என்பது பிற்பாடு படித்துத்தான் தெரிந்தது. அவர்களுடைய அபிப்பிராயம் பொய்த்துப்போன கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கதைக்குள் போகுமுன் பாலின் சுபாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். புளியைப் பானையில் அடைத்து வைக்கலாம். பால் அப்படியல்ல, காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் விளைந்து, சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் வெள்ளாமை அது. வீட்டில் ஒரு படிப் பால் திரிந்துபோனாலே அன்று பொழுது விடிந்த வேளை சரியில்லை என்று ஆகிவிடுகிறது. ஒரு ஜில்லா முழுவதும் நாள்தோறும் மிஞ்சுகிற பாலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தவித்தால் எப்படி இருக்கும்?

குஜராத்தில் கேடா ஜில்லா என்று ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் வாயில் அது கெய்ரா ஆயிற்று. நம் காதுக்கு இரண்டாவது பெயரே மேல். முதலாவதைக் கேட்டால் ஏதோ கேடு வந்துவிட்டதுபோல இருக்கிறது. 1918-ல் விளைச்சல் பொய்த்தபோது, வரி கட்டமாட்டோம் என்று காந்திஜியின் பின்னால் நின்றவர்கள் அந்த ஜில்லாக் குடியானவர்கள். வல்லபாய் பட்டேல் வக்கீல் தொழிலை ஒதுக்கிவிட்டுக் கிராமம் கிராமமாக நடந்ததும் அங்கேதான். கொஞ்சம் நிலம், கொல்லையில் ஓர் எருமை அல்லது இரண்டு: பெரும்பாலான வீடுகளின் ஆஸ்தி அவ்வளவுதான். பயிர் வருஷத்தில் ஒரு தரமோ இரண்டு தரமோ பணம் தரும். எருமை தினந்தோறும் தரும். வாங்க ஆள் இருந்தால்.

வாங்க ஆள் இருந்தது. பெஸ்டன்ஜி எடுல்ஜி தலால் என்ற பார்ஸிக்காரர் சிறு பிராயத்திலேயே பம்பாயில் காப்பிக்கொட்டை அரைத்து விற்கத் தொடங்கியவர். வெள்ளைக்காரர் காதில் நன்றாக விழட்டும் என்று தம் சரக்குக்குப் 'போல்ஸன்' என்று பெயர் வைத்தார். 1930 வாக்கில் ஆனந்த் என்ற ஊரில் அவருடைய வெண்ணெய்த் தொழிற்சாலை எழுந்தது. நல்ல யந்திரங்கள், சுத்தமான வேலை. போல்ஸன் வெண்ணெய் என்றால் பட்டணத்துச் சாப்பாட்டு மேஜைகளில் ஒரு தனி மதிப்பு. அவரைக் கதையின் வில்லனாக ஆக்கிவிடுவது சுலபம். நாவல் எழுதுகிறவனுக்கு அந்த ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவர் திறமையுள்ள வியாபாரி; வியாபாரி செய்வதைச் செய்தார்.

கோளாறு 1945-ல் முற்றியது. பம்பாய் நகரத்துக்குச் சுத்தமான பால் வேண்டும் என்று சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த கெய்ராவின் பாலைப் பதப்படுத்தி ரயிலில் அனுப்பும் பொறுப்பு போல்ஸன் கம்பெனிக்குப் போயிற்று. பம்பாயில் குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது. கம்பெனிக்கு லாபம் கிடைத்தது. எருமையைக் கறந்தவனுக்கு மட்டும் விலை ஏறவில்லை. வேறு யாரிடமாவது விற்கலாம் என்றால், வேறு யாரும் இல்லை. மத்தியானத்துக்குள் விற்காத பால் மாலையில் யாருக்கும் வேண்டாத பால். விற்பவனுக்குக் காத்திருக்க முடியாது, வாங்குபவனுக்கு முடியும் என்றால் விலையை யார் வைப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

குடியானவர்கள் சர்தார் பட்டேலிடம் போனார்கள். சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் வையுங்கள், பதப்படுத்தும் யந்திரத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். மொரார்ஜி தேசாயை அனுப்பினார். 1946-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி சமர்க்கா என்ற கிராமத்தில் கூட்டம் நடந்தது. சங்கத்திடமிருந்து பால் வாங்க சர்க்கார் சம்மதிக்கவில்லை. உடனே பால் மறியல் ஆரம்பமாயிற்று. பதினைந்து நாள் வியாபாரிகளுக்கு ஒரு சொட்டுப் பால்கூடப் போகவில்லை. தினந்தோறும் கைக்கு வரும் காசை நம்பி அடுப்பு மூட்டுகிற வீடுகள் பதினைந்து நாள் அந்தக் காசை வேண்டாம் என்று சொல்வது சாமானியமா? 1918-ல் படித்த பாடம் அவர்களுக்கு மறந்துபோகவில்லை. சர்க்கார் இறங்கி வந்தது.

1946 டிசம்பர் 14-ந் தேதி கெய்ரா ஜில்லா பால் உற்பத்தியாளர் கூட்டுறவு யூனியன் பதிவாயிற்று. தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், எளியவர். 1948 ஜூன் மாதம் பம்பாய்க்குப் பால் அனுப்பத் தொடங்கியபோது சேர்ந்திருந்தவை இரண்டு கிராமச் சங்கங்கள். பால் நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர். கிராமத்தில் காலையும் மாலையும் பால் ஊற்ற ஒரே வரிசை. முதலில் வந்தவர் முன்னால் நிற்பார், எந்த ஜாதியானாலும் சரி. பாலில் உள்ள கொழுப்பை அளந்து, அதற்கேற்ப விலை. தண்ணீர் கலந்தவன் தன்னையே ஏமாற்றிக்கொண்டான்.

இந்த இடத்தில் நம் சென்னைக்கும் கதையில் ஒரு பங்கு வருகிறது. வர்கீஸ் குரியன் கோழிக்கோட்டில் பிறந்தவர். லயோலா கல்லூரியிலும் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்தவர். சர்க்கார் உபகாரச் சம்பளத்தில், பால் பண்ணைத் தொழில் படிப்பதற்கென்று, அமெரிக்காவில் மிச்சிகனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் அக்கறையுடன் படித்தது உலோக சாஸ்திரம். ஆனால் உபகாரச் சம்பளம் வாங்கிய கடன் இருக்கிறதே! 1949 மே மாதம் 13-ந் தேதி அவரை ஆனந்திலிருந்த சர்க்கார் பால் நிலையத்துக்கு அனுப்பினார்கள். கல்யாணமாகாத கிறிஸ்தவர், மாமிசம் சாப்பிடுகிறவர். சைவச் சாப்பாட்டு ஊரில் வீடு கிடைக்கவில்லை. ஒரு மோட்டார்க் கொட்டகையில் குடியிருந்தார். வேலையை விட்டுப் போக அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பால் குடிக்கும் பழக்கம் அவருக்கு இல்லவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடுதலை கிடைத்து மூட்டை கட்டும் சமயம், திரிபுவன்தாஸ் வந்தார். சங்கத்தின் பழைய யந்திரங்கள் அடிக்கடி நின்றுபோகின்றன. அவற்றை ஓட வைத்துவிட்டுப் போகக்கூடாதா என்று கேட்டார். சில நாளைக்கு என்று ஒப்புக்கொண்டார் குரியன். அந்தச் சில நாள் 2012 செப்டம்பரில் அவர் காலமாகும்வரை நீண்டது.

சங்கம் வளர்ந்தது, கூடவே ஒரு சங்கடமும் வளர்ந்தது. எருமை பெரும்பாலும் மழைக்காலத்தின் பின்பகுதியிலும் அதை ஒட்டியும்தான் கன்று போடும். ஆகவே குளிர்காலத்தில் பால் பெருகும். வெயில் காலத்தில் வற்றும். குளிர்காலப் பால் கோடைப் பாலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகக்கூடப் போவதுண்டு. பம்பாயில் காப்பி, டீ குடிப்பவர்களோ பன்னிரண்டு மாதமும் ஒரே அளவாகத்தான் குடிக்கிறார்கள். கோடையில் "இன்னும் கொண்டுவா" என்கிற பம்பாய், குளிர்காலத்தில் "போதும், போதும்" என்றது. சங்கம் என்ன செய்யும்? உன்னுடைய பால் இன்று வேண்டாம் என்று தன் அங்கத்தினனிடமே சொல்ல வேண்டும். அவன் மறுபடியும் பழைய வியாபாரியின் வாசலுக்குப் போவான். பதினைந்து நாள் மறியலில் உடையாத ஒற்றுமை, மிஞ்சிப்போன பாலில் உடைந்துபோகும் நிலைமை வந்துவிட்டது.

பஞ்சம் மனிதனைப் பிரிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். மிகுதியும் பிரிக்கும் என்பதை அப்போது அவர்கள் கண்டார்கள்.

வழி ஒன்றுதான்: குளிர்காலத்துப் பாலைக் கோடைக்கு எடுத்து வைக்க வேண்டும். வெண்ணெய் எடுக்கலாம், மீதியைப் பொடியாக்கலாம். பசும்பாலை மேல்நாட்டார் வெகு காலமாகப் பொடியாக்கி வந்தார்கள். அப்படிப்பட்ட நியூஜிலாந்துப் பொடி கப்பலேறி நமக்கும் வந்துகொண்டிருந்தது. பம்பாயில் தாரா குரோடி என்ற பால் அதிகாரி, கெட்டியான எருமைப் பாலில் அந்தப் பொடியையும் தண்ணீரையும் சேர்த்துக் கொழுப்பைக் குறைத்து, ஏழைகள் வாங்கக்கூடிய மலிவுப் பாலாகக் கொடுக்கும் யுக்தியை 1946-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நல்ல யுக்திதான். ஆனால் கெய்ராவில் பால் மிஞ்சிக் கிடக்க, கடல் கடந்து பொடி வருவதைக் குடியானவன் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பான்?

எருமைப் பாலையும் பொடியாக்கினால் என்ன என்று கேட்டதற்கு, "முடியாது" என்றார்கள் நிபுணர்கள். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு என்றால், எருமைப் பாலில் ஏழு பங்கு வரை இருக்கும். கொழுப்பை நீக்கிவிட்டாலும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் அதிகம். காய்ச்சிச் சுண்ட வைத்தால் பசைபோல் இறுகிவிடும். அவர்கள் சொன்ன காரணங்களில் பொய் இல்லை. ஆனால் அவர்களுடைய ஊர்களில் பால் என்றால் பசும்பால்தான். எருமைப் பாலைப் பொடியாக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஒருநாளும் ஏற்பட்டதில்லை. தேவையில்லாததைச் செய்து பார்க்க யார் மெனக்கெடுவார்கள்? 'நாங்கள் செய்து பார்த்ததில்லை' என்பதைத்தான் அவர்கள் 'செய்ய முடியாது' என்று சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒருவர் மட்டும் அதை ஒப்பவில்லை. ஹரிசந்த் மேகா தலாயா. மிச்சிகனில் குரியனோடு கூடப் படித்தவர். ஆனால் இவர் பால் தொழிலையே மனம் வைத்துப் படித்தவர். நண்பரைப் பார்க்க ஆனந்துக்கு வந்தவரைக் குரியன் அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார். எருமைப் பாலையும் பொடியாக்கலாம் என்று தலாயா சாதித்தார். வாயால் மட்டுமல்ல, பம்பாயில் ஒரு சிறிய உலர்த்தும் யந்திரத்தில் எருமைப் பாலை ஊற்றிப் பொடியாக்கியே காட்டினார்.

அந்த யந்திரத்தின் சூட்சுமத்தை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். முதலில் பாலிலிருந்து வெண்ணெய்ச் சத்தைக் கடைந்து எடுத்துவிடுவார்கள். மீதிப் பாலைக் காற்றை உறிஞ்சி எடுத்த கொப்பரையில் காய்ச்சுவார்கள். காற்றின் அழுத்தம் குறைந்தால் பால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், தீயாமல் சுண்டும். சுண்டிய பாலை ஓர் உயரமான கூண்டுக்குள், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தரம் சுழலும் தட்டின்மேல் விடுவார்கள். அது பனித்துளியினும் சிறிய துளிகளாகச் சிதறும். எதிரே கொதிக்கிற காற்று. தரையைத் தொடுமுன் துளியிலுள்ள ஈரம் போய்விடும். கீழே விழுவது பொடி. நூறு லிட்டர் கொழுப்பெடுத்த பாலிலிருந்து ஒன்பது கிலோவைப் போலப் பொடி கிடைக்கும். நம் வீட்டுப் பெண்கள் வற்றல் வடாம் காயவைக்கிற அதே காரியம்தான். மொட்டை மாடியில் மூன்று நாள் ஆவது அங்கே மூன்று விநாடியில் முடிகிறது.

ஆனந்தில் தொழிற்சாலை எழுந்தது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி யந்திரங்கள் கொடுத்தது. அதற்கு ஈடாக ஜில்லாவிலுள்ள ஏழைக் குழந்தைகளுக்குச் சங்கம் இலவசப் பால் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. நியூஜிலாந்தும் உதவி செய்தது. 1954 நவம்பரில் ராஜேந்திர பிரசாத் அஸ்திவாரக் கல் நாட்டினார். 1955 அக்டோபர் 31-ந் தேதி, சர்தார் பட்டேல் பிறந்த நாளில், நேருஜி திறந்து வைத்தார். எருமைப் பாலைப் பொடியாக்கும் தொழிற்சாலை உலகத்தில் அதுதான் முதலாவது. அந்தக் குளிர்காலம் முதல், "உன் பால் வேண்டாம்" என்று எந்த அங்கத்தினனையும் திருப்பி அனுப்ப வேண்டிய அவசியம் சங்கத்துக்கு இல்லாமல் போயிற்று.

இரண்டு விஷயங்களை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். போல்ஸனிடம் நல்ல யந்திரம் இருந்தது. ஆனால் அது குடியானவனுடையதாக இல்லை. அதனால் அவன் நிலை மாறவில்லை. பிறகு சங்கம் அவனுடையதாயிற்று. ஆனால் யந்திரம் போதவில்லை. அப்போதும் அவன் தவித்தான். யந்திரமும் வேண்டும், அது அவனுடையதாகவும் இருக்க வேண்டும் என்ற இரண்டும் கூடிய இடத்தில்தான் அவனுக்கு விடிந்தது. நம்மில் சிலர் யந்திரத்தைக் கும்பிடுகிறார்கள். சிலர் சங்கத்தைக் கும்பிடுகிறார்கள். ஒன்றை விட்டு ஒன்று ஓடாத வண்டி இது.

அப்புறம் 'அமுல்' என்ற பெயர் வந்தது. விலை மதிக்க முடியாதது என்று பொருள்படும் 'அமூல்ய' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். வெண்ணெய் வந்தது. எருமை வெண்ணெய் வெள்ளை வெளேரென்று இருக்கும். போல்ஸனின் மஞ்சள் வெண்ணெயில் பழகிய பட்டணத்து நாக்குக்கு அது பிடிக்கவில்லை. உப்பும் நிறமும் சேர்த்து வழிக்குக் கொண்டுவந்தார்கள். எருமைப் பாலில் குழந்தை உணவு தயாரிக்கும் முறையை மைசூரிலுள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. 1960-ல் ஆனந்தில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தகர டப்பாக்கள் நம் வீடுகளில் பிற்பாடு துவரம்பருப்பும் கடுகும் போட்டு வைக்கப் பயன்பட்டதை வாசகர்களில் பலர் கண்டிருப்பார்கள். டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கும்போது, அதற்குள் ஓர் எருமையின் நியாயம் அடங்கியிருக்கிறது என்று யார் நினைத்திருப்பார்கள்?

1963-ல் மகஸேஸே பரிசு மூவருக்குச் சேர்ந்து கிடைத்தது: திரிபுவன்தாஸ் பட்டேல், குரியன், பம்பாய் அதிகாரி குரோடி. மூவரும் தகுதியுள்ளவர்களே. ஆனால் அந்த வரிசையில் தலாயாவைத் தேடினேன்; காணோம். மனிதர்களை ஒன்று சேர்ப்பவனை மனிதர்கள் பார்க்கிறார்கள். கொதிக்கிற கூண்டுக்குள் எருமைப் பாலைச் சாதித்துக் காட்டியவனை யந்திரங்கள் மட்டும்தான் பார்க்கின்றன. தலாயா 2004-ல் காலமானார். பால்காரப் பட்டணத்துக்கு வெளியே அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1964 அக்டோபரில் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ஒரு தீவனத் தொழிற்சாலையைத் திறந்துவைக்க வந்தவர், முதல் நாள் இரவு அஜர்புரா என்ற கிராமத்தில் ஒரு குடியானவர் வீட்டில் தங்கினார். ஜனங்களோடு இருந்து விசாரித்தார். மண் மற்ற ஊர் மண்தான். எருமையும் மற்ற ஊர் எருமைதான். வித்தியாசம் சங்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். 1965-ல் தேசியப் பால்வள வாரியம் பிறந்தது; டில்லியில் அல்ல, ஆனந்தில். 1970 முதல், ஐரோப்பாவில் மிஞ்சிக் கிடந்த பால்பொடியும் வெண்ணெயும் இங்கே தானமாக வந்தன. தானம் வந்தால் உள்ளூர்ப் பால் விலை போகாதே என்ற பயம் நியாயமானது. அந்தத் தானத்தைப் பாலாக்கி விற்று, வந்த பணத்தில் நம்முடைய சங்கங்களையும் யந்திரங்களையும் வளர்த்தார்கள். நம் மாநிலத்தில் ஆவின் கூட்டுறவு இணையம் 1981-ல் ஏற்பட்டதும் அதே முறையைப் பின்பற்றித்தான். 1950-51-ல் ஒரு கோடியே எழுபது லட்சம் டன்னாக இருந்த இந்தியாவின் பால், 2023-24-ல் 23 கோடியே 90 லட்சம் டன்னாயிற்று. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு எருமையின் கொடை.

எல்லாம் சுபம் என்று சொல்லிக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மாடு பெருகினால் தீவனம் வேண்டும், தண்ணீர் வேண்டும். அசைபோடும் பிராணிகள் விடும் வாயு பூமியைச் சூடாக்குகிறது என்று விஞ்ஞானிகள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. சங்கங்களில் அரசியல் புகுந்து கெட்ட ஊர்களும் உண்டு. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கெய்ராவின் எருமை தின்றது மனிதன் தின்னும் தானியத்தை அல்ல. வைக்கோல், தட்டை, புல், பிண்ணாக்கு. மனிதன் தின்ன முடியாததைத் தின்று, மனிதன் குடிக்கிறதைக் கொடுத்தது. அதையும் வீணாகாமல் காப்பாற்றி வைத்தார்கள். பூமி நெடுங்காலம் நமக்குச் சோறு போட வேண்டுமென்றால், புதிதாக விளைவிப்பதோடு, விளைந்ததை வீணாக்காமலும் இருக்க வேண்டும். விளைவித்தவன் சோர்ந்துபோகாமலும் இருக்க வேண்டும். ஆனந்தில் அந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

எங்கள் தெருக் கோடியில் ஒரு பால்காரர் வீட்டு எருமை தினமும் பாதையை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும். முன்பெல்லாம், "ஹை, ஹை" என்று அதட்டுவேன். இப்போது கொஞ்சம் சுற்றிக்கொண்டு போய்விடுகிறேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது எருமையல்லவா!